முப்பத்திரண்டாவது கார்ட்டன்

சந்திரயான் நிலாவில் இறங்கியபோது எங்கே இருந்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். காலை நீட்டிக்கொண்டு பார்த்ததில் என்ன இருக்கிறது? நான் ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியின் கேன்டீனில், சாம்பார் அண்டா வைக்கும் மேடையில் சாய்ந்து நின்றபடி, இருநூறு பெண்களோடு பார்த்தேன். அதற்கான பதினைந்து நிமிஷத்தை நாங்கள் கேட்டு வாங்கினோம். கேட்டது நான். அதனால் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பெரிய நாளும் இப்படி மனதில் தங்குவதில்லை. வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த நாளில் நாங்கள் இருந்த இடத்தில் இருந்துகொண்டே திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்களாகிவிட்டோம். அதுவும் சரித்திரம்தான். ஆனால் அன்று நான் என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. வழக்கம்போல மாதனூரில் கம்பெனி பஸ் ஏறியிருப்பேன், வழக்கம்போல இறங்கிக் கார்டைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன். அந்த ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை அப்படியில்லை. அன்று யார் என்ன கலர் புடவை கட்டியிருந்தார்கள் என்பதுவரை சொல்வேன்.

அப்போது நான் பேக்கிங் பிரிவில் லைன் லீடர். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூவைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டிகளைப் பெரிய அட்டைக் கார்ட்டனில் அடுக்குவது எங்கள் வேலை. எதிரே இருக்கும் ரேக்கில் இடது ஷூக்கள் இடப்பக்கமும் வலது ஷூக்கள் வலப்பக்கமும் வந்து நிற்கும். இடது கையால் இடதை எடுக்கவேண்டும், வலது கையால் வலதை எடுக்கவேண்டும். அதுதான் முறை. கண் தோலில் கீறல் இருக்கிறதா, பசை கசிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். எது இடது, எது வலது என்பதைக் கையே பார்த்துக்கொள்ளும். அதுவரை பதினெட்டு வருஷத்தில் என் கை ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இன்னொரு விஷயத்திலும் நான் ரொம்பக் கண்டிப்பு. பேக்கிங் ஹாலுக்குள் தின்பண்டம் எதுவும் வரக்கூடாது. ஒரு கடலை மிட்டாய்த் துணுக்கு விழுந்தால் போதும், எறும்பு வந்துவிடும். அது கார்ட்டனுக்குள் புகுந்து கப்பலேறி, வெளிநாட்டுக் கடையில் பெட்டியைத் திறக்கிறவர் கையில் ஊர்ந்தால் மானம் போய்விடும். இதைத் தினமும் சொல்லிக்கொண்டே இருப்பதால் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு எறும்பக்கா என்று பேர். தெரியாததுபோல் இருந்துகொள்வேன்.

அந்தப் புதன்கிழமை காலை பஸ் ஏறியதிலிருந்தே சந்திரயான் பேச்சுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், போன தடவை கடைசி நேரத்தில் சிக்னல் போய்விட்டதை ஒவ்வொருத்தியும் சொந்த வீட்டுத் துக்கம்போலச் சொன்னாள். இந்தத் தடவை சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் மேலே இறங்குமாம். மற்ற நாளாக இருந்தால் ஐந்தரைக்கு விட்டுவிடுவார்கள், ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாம். அன்றைக்கென்று கன்டெய்னர். ஏழரை மணிக்கு லாரி கேட்டைத் தாண்டினால்தான் சென்னையில் கப்பலைப் பிடிக்க முடியும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஓவர்டைம். பஸ்ஸில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். போய்க் கேட்கவேண்டியது நான்தான் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது.

எங்கள் பேக்கிங் மேனேஜர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குரலை உயர்த்தித் திட்டியும் பார்த்ததில்லை. முடியாது என்பதையும் சரி என்பதையும் ஒரே முகத்தோடு சொல்வார். அவரிடம் போய்ப் பதினைந்து நிமிஷம் கேட்டேன். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையை எடுப்போம், ஆறு பத்துக்குத் திரும்பி வந்துவிடுவோம் என்றேன். சாயங்கால டீயை விட்டுவிடுகிறோம், மதியச் சாப்பாட்டிலும் பத்து நிமிஷம் குறைத்துக்கொள்கிறோம் என்றேன். வீட்டுக்குப் போய் செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே, இன்னும் பத்து நாளைக்குத் திருப்பித் திருப்பிப் போடுவார்களே என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"ஏழரைக்குக் கன்டெய்னர் போவும் சார். போவலன்னா, இனிமே இந்த லைன்ல இருந்து யாரும் எதுவும் கேட்டு உங்ககிட்ட வர மாட்டோம்."

"யாருமா?" என்று கேட்டார்.

"யாரும்தான் சார்."

கம்ப்யூட்டரில் லாரி நேரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்றார். திரும்பி நடந்து வரும்போதுதான் நான் எதைப் பணயம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. என் ஒருத்தியின் வாய் அடைத்துப்போனால் பரவாயில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்க அரை நாள், மாசமாக இருப்பவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல், கங்கையம்மன் திருவிழா அன்று ஒரு மணி நேரம் முன்னால் பஸ். இதெல்லாம் போய் நின்று கேட்டுத்தான் கிடைத்திருக்கிறது. இருநூறு பேர் சார்பில் அந்தக் கதவை நானே சாத்துவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என் பக்கத்து மேஜையில் வேலை செய்பவள் குடியாத்தத்துக்காரி. வீட்டுக்காரர் லுங்கித் தறி ஓட்டுகிறார். பன்னிரண்டு வருஷமாக என் தோள் அவள் தோளில் இடிக்கிற தூரத்தில் நிற்கிறாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இன்னாக்கா, எங்க எல்லாரையும் சேத்து அடகு வெச்சிட்டு வந்துகிற" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அன்று அந்த ஹாலில் நடந்த வேலையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மதியம் சோற்றைப் பிசைந்தோமா விழுங்கினோமா என்று தெரியாது. பாத்ரூமுக்குப் போனவள் ஓடிப்போய் ஓடிவந்தாள். வழக்கமாக நாள் முழுக்க ஆகிற வேலையில் முக்கால்வாசி நாலு மணிக்கே முடிந்திருந்தது.

கேன்டீன் ஏற்பாட்டை மெக்கானிக்குகள் பார்த்துக்கொண்டார்கள். ட்ரெயினிங் ரூமிலிருந்து புரொஜெக்டர் வந்தது. சுவரில் பச்சை பெயின்ட், படம் சரியாக விழவில்லை. கட்டிங் பிரிவிலிருந்து ஷூவுக்குள் வைக்கிற வெள்ளை லைனிங் துணியைக் கொண்டுவந்து, கார்ட்டன் ஒட்டுகிற டேப்பாலேயே சுவரில் ஒட்டினார்கள். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையை எடுத்தோம். கார்ட்டனுக்கு டேப் போட்டு மார்க்கரால் நம்பர் எழுதுகிற அண்ணன்தான் கடைசியாக வந்தார். கையிலிருந்த கார்ட்டனை முடிக்காமல் அவருக்கு நகர மனசு வராது.

அதன்பிறகு திரையில் என்ன வந்தது என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் பார்த்த அதே படத்தைத்தான் நாங்களும் பார்த்தோம். ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அதில் பாதி எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் எண் குறையவேண்டும், நின்றுவிடக்கூடாது என்பது மட்டும் புரிந்தது. குடியாத்தத்துக்காரி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் எழுந்த சத்தத்தில் கேன்டீன் தகரம் அதிர்ந்தது. தெரியாதவளைத் தெரியாதவள் கட்டிக்கொண்டாள். கலம்தானே இறங்கியது, நாளைக்கு நம்ம ஆள் கால் வைத்தால் அந்த ஷூவை ஆம்பூரில்தான் தைக்கவேண்டும் என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் நாடு என்று பெருமைப்பட எனக்கு அதுவரை யாரும் தனியாக நேரம் ஒதுக்கித் தந்ததில்லை. அன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆறு பத்து. கிளம்புங்க என்று நான்தான் முதலில் கத்தினேன். வாசலில் கேன்டீன்காரர் சர்க்கரை டப்பாவோடு நின்றுகொண்டு போகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு பிடி போட்டார். மற்றவர்கள் அங்கேயே வாயில் கொட்டிக்கொண்டார்கள். எனக்கோ யாராவது பின்தங்குகிறார்களா என்றுதான் கண். எல்லோரையும் விரட்டிவிட்டு மேஜைக்கு வந்து நின்றபிறகுதான் பார்க்கிறேன், இடது கை நிறையச் சர்க்கரை. எறும்பக்கா கையில், பேக்கிங் ஹாலில், சர்க்கரை.

இருக்கிற இடத்தில் வாயில் போட்டுக்கொண்டால் ஒரு துகளாவது சிந்தும். வெளியே போகலாமென்றால் ஆறு பத்துக்குக் கை மேஜையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தது நானேதான். ஆகவே இடது கையை இறுக மூடிக்கொண்டு வலது கையால் மட்டும் வேலையை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் குடியாத்தத்துக்காரி பார்த்துவிட்டாள். நீ போய் வாயில் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வா, உன் மேஜையையும் நான் பார்க்கிறேன் என்று விரட்டினாள். போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அன்றைக்கு அனுப்பவேண்டிய லாட்டின் கடைசிக் கார்ட்டனான நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டோம். நாற்பத்தேழு வரை லாரிக்குள் போய்விட்டது. நாற்பத்தெட்டில் ஒரே ஒரு ஜோடிதான் பாக்கி. ரேக்கில் சரியாக இரண்டு ஷூ இருந்தது. கையை நீட்டினேன். வலது கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டும் இடது. முப்பத்தெட்டாம் சைஸ், கறுப்பு, இரண்டும் இடது.

அப்படியானால் இரண்டு வலது ஷூ ஏதோ ஒரு பெட்டிக்குள் ஜோடியாகப் படுத்திருக்கிறது. எப்படி நடந்தது என்று யோசிக்கத் தேவையே இல்லை. இடது கையில் சர்க்கரை இருந்தபோது, வலது கை ஒருமுறை தனக்குப் பழகிய பக்கத்திலிருந்தே இரண்டையும் எடுத்திருக்கிறது. ஒவ்வொரு கார்ட்டனிலும் எல்லா சைஸும் கலந்து பன்னிரண்டு பெட்டி. நாற்பத்தேழையும் இறக்கிப் பிரித்தால் ஏழரை என்ன, ஒன்பதரைக்குக்கூட லாரி போகாது.

குடியாத்தத்துக்காரி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தி, "யாருக்குத் தெரியப்போவுதுக்கா, ரெண்டையும் ரிஜெக்ட்ல போட்டுட்டு வேற ஜோடி வெச்சிடலாம். லாரி போவட்டும்" என்றாள். எனக்காகச் சொன்னாள், எல்லோருக்காகவும் சொன்னாள். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அப்புறம், நம் லைனில் ஜோடி மாறாது என்கிற ஒரே தைரியத்தில்தானே அவர் முன்னால் போய் நின்று கேட்கிறோம் என்று தோன்றியது. அது போய்விட்டால் கேட்க வாய் இருந்தும் பிரயோஜனமில்லை.

ஆனால் எந்தக் கார்ட்டன் என்று சொல்லாமல் அவரிடம் போகமுடியாது. அங்கேயே நின்று எல்லோரும் யோசித்தோம். மற்ற நாளில் ஆறேகாலுக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டால் எங்களில் ஒருத்தியும் சொல்லமாட்டாள். எல்லா நாளும் ஒரே நாள், எல்லாக் கார்ட்டனும் ஒரே கார்ட்டன். அன்றைக்கு அப்படி இல்லை. டேப் போடுகிற அண்ணன் யோசிக்காமலே சொன்னார், முப்பத்தொன்றுக்கு நம்பர் எழுதி மார்க்கரை மூடிவிட்டுத்தான் நிலாவைப் பார்க்க வந்தேன் என்று. திரும்பி வந்து முதலில் எழுதிய முப்பத்திரண்டு என் மேஜையிலிருந்து வந்தது என்றும் சொன்னார். குடியாத்தத்துக்காரி, நான் கழுவப் போனபோது என் மேஜையில் கார்ட்டன் பாதிதான் நிறைந்திருந்தது, மீதி ஐந்து பெட்டியைத் தான்தான் வைத்தேன் என்றாள். ரேக் தள்ளுகிறவள், நான் கழுவப் போவதற்குச் சற்று முன்னால் எனக்கு முப்பத்தெட்டாம் சைஸ் ரேக்கைத் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போன் பண்ணலாமா என்று என்னைக் கேட்டதாகவும் நான் முறைத்ததாகவும் சொன்னாள். முறைத்தது எனக்கும் ஞாபகம் இருந்தது. யாரும் எதையும் தேடித் துழாவவில்லை. அந்தச் சாயங்காலத்தின் ஒவ்வொரு நிமிஷமும் அவரவரிடம் பத்திரமாக இருந்தது. எடுத்துக் கொடுத்தார்கள்.

மேனேஜர் லாரிக்குப் பக்கத்தில் காகிதங்களோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு இடது ஷூவையும் அவர் முன்னால் நீட்டி, என் தப்பு என்றேன். சர்க்கரை விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

"சர்க்கரையா? நீங்களா?" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எந்தக் கார்ட்டன் என்று கேட்டார். முப்பத்திரண்டு என்றேன். எப்படித் தெரியும் என்றார். நிலாவில் இறங்கினபிறகு எடுத்த முதல் கார்ட்டன் அதுதான் சார், எங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஏழு ஐந்து.

லாரியிலிருந்து நாற்பத்தேழு, நாற்பத்தாறு என்று இறக்க ஆரம்பித்தோம். இறக்கியதைப் பிள்ளையைக் கைமாற்றுவதுபோலக் கைக்குக் கை மாற்றினார்கள் பெண்கள். முப்பத்திரண்டு வந்தது. டேப்பை நானே கிழித்தேன். முப்பத்தெட்டாம் சைஸ் அதில் மூன்று பெட்டி. முதல் பெட்டி சரியாக இருந்தது. இரண்டாவது பெட்டியில் மெல்லிய தாளை விலக்கினால், இரண்டு வலது ஷூ. பின்னால் நின்றவர்களிடமிருந்து எழுந்த பெருமூச்சு எனக்குக் கேன்டீன் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. ஜோடியை மாற்றினோம், மறுபடி டேப் போட்டோம், எல்லாவற்றையும் ஏற்றினோம். சீல் வைத்துக் கேட்டைத் தாண்டும்போது ஏழு இருபத்தாறு. நாலு நிமிஷம் மிச்சம். அந்த நாலு நிமிஷத்தை இன்றைக்கும் யாருக்கும் விட்டுத்தரமாட்டேன்.

ஆனால் அந்த நாலு நிமிஷம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். லாரி கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் என்னிடம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். லோடிங் ஆட்கள் எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டபோது, கீழே கிடந்த பதினைந்து இருபது கார்ட்டனையும் மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தனியாகத் தூக்கி ஏற்றினாராம். டிரைவர் செல்போனில் பார்க்கக் கூப்பிட்டதற்கு, வேண்டாம், நேரமாகிறது என்றாராம். நாங்கள் திரும்பி வந்தபோது தரை காலியாக இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன், சட்டை முழுக்க அட்டைத் தூசி.

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் போகத் திரும்பியபோது, "எறங்கும்போது எப்படி இருந்திச்சிம்மா?" என்று கேட்டார்.

பதினெட்டு வருஷத்தில் வேலையைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை. அங்கேயே நின்று சொன்னேன். லைனிங் துணியில் படம் விழுந்ததைச் சொன்னேன், கோடு இறங்கியதைச் சொன்னேன். கடைசி நிமிஷத்தில் இருநூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டதில், பின்னால் இருந்த தண்ணீர் ஃபில்டர் சொட்டுகிற சத்தம் தனியாகக் கேட்டதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பஸ் டிரைவர் இரண்டாம் தடவை ஹாரன் அடித்ததும் போய் பஸ் ஏறினேன். அதற்கப்புறமும் எங்கள் லைனிலிருந்து நிறையக் கேட்டோம். சிலதற்குச் சரி என்றார், சிலதற்கு முடியாது என்றார். ஒருமுறைகூடச் சர்க்கரையை எடுத்துப் பேசியதில்லை.

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பெண்களைக் கேன்டீனில் உட்காரவைத்து மேனேஜர் பேசினார். நானும் ஓரமாக நின்றிருந்தேன். நேரத்துக்கு வருவது, கையுறை, எறும்பு எல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பச்சைச் சுவரைக் காட்டினார். சந்திரயான் இறங்கினதை இங்கேதான் எல்லோரும் பார்த்தோம் என்றார். தானும் பின்னால் நின்றுகொண்டிருந்ததாகவும், அப்படி ஒரு அமைதியில் தண்ணி ஃபில்டர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டதாகவும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்கிற முகம்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்ககூட இருந்தீங்களே, இல்லம்மா?"

"ஆமா சார்" என்றேன். "எனக்குப் பக்கத்துலதான் நின்னுங்கினு இருந்தீங்க."